பங்குனிப் பாதை

அத்தியாயம் ஒன்பது

தார் ரோடு ஒரு வேப்பமரத்தடியில் முடிந்தது. அதற்கப்பால் வண்டித்தடம். வண்டித்தடத்துக்கு அப்பால் தண்ணீர்.

இசக்கிச்செல்வி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். முக்கூடலுக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் ஓடும் வாய்க்கால் அது. அணையில் திறந்துவிட்ட புதுத்தண்ணீர் கரைக்குச் சற்றே கீழாக, பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஓர் ஆம்புலன்ஸை விழுங்கிய தண்ணீர் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

"யக்கா, இம்புட்டுப் பெரிய தண்ணி கண்ணுக்குத் தெரியாம ஒருத்தன் வண்டிய உள்ள விடுவானா?" என்றான் சங்கிலிபூதத்தான்.

"நீ என்ன, போலீஸ் கட்சியா?"

"நான் சம்பளம் குடுக்கிற கட்சி. அது எந்தக் கட்சின்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்."

சங்கிலி மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். விசிலை எடுத்துவிட்ட பிறகும் வாய் அடங்கவில்லை. செல்வி இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள். உண்மை எழுதினால் கம்பெனிக்கு நஷ்டம் என்று சொன்ன மேலதிகாரியின் மேஜையில் ராஜினாமாவை வைத்துவிட்டு, பாளையங்கோட்டையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். செல்விக்குத் தணியும். இன்று காலையிலிருந்தே அவள் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். இசக்கியம்மா என்ற கூலிவேலைக்காரியைப் பாம்பு கடித்தது. விடிவதற்கு முந்தின இருட்டு, கூடவே மழை. தனியார் அறக்கட்டளை ஒன்றின் ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் ஹென்றி, கூடங்குளத்துக்காரன், இந்தப் பக்கம் வேலைக்கு வந்த முதல் வாரம். கூட இருக்க வேண்டிய உதவியாள் லீவு. "காப்பீட்டு அட்டைய எடுத்துட்டுப் பின்னாலயே வாரோம், நீங்க நிக்காதீங்க" என்று வீட்டார் அனுப்பி வைத்தார்கள். அவர்கள் பைக்கில் பாலம் வழியாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரவேயில்லை.

வண்டியிலிருந்த வழிகாட்டி நேராகப் போகச் சொன்னது, மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று நினைத்து இறக்கினேன் என்கிறான் ஹென்றி. கண்ணாடியை உடைத்து இசக்கியம்மாவைக் கரைக்கு இழுத்துப்போட்டது அவன்தான். உயிர்தான் மிஞ்சவில்லை. வழிகாட்டிக் கருவி தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டது. அந்த வழிகாட்டியை நடத்தும் கம்பெனியோ, 'எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே கிடையாது, டிரைவர் தானாகக் குறுக்கு வழியில் போயிருக்கிறார்' என்று போலீசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. ஹென்றி சிறையில். ஜாமீன் மனு நாளை வருகிறது. கம்பெனி சொன்னது பொய் என்று காட்டாவிட்டால் அவன் கொலைகாரனாகத்தான் வெளியே வர வேண்டும். செல்வியிடம் வந்தவள் அவன் மனைவி அஞ்சலின்.

"கரையப் பாரு," என்றாள் செல்வி.

இரண்டு கரைகளும் அந்த இடத்தில் மட்டும் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தன. எதிர்க்கரையில் ஒரு மடைக்கதவு பாதி தண்ணீருக்குள் நின்றது; அதை ஒட்டி வண்டித்தடம் மறுபடி தொடங்கி வயல்களுக்குள் போனது. தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வண்டி சுகமாக இறங்கி ஏறலாம்.

மண்வெட்டியோடு வந்த ஒரு விவசாயியை செல்வி நிறுத்தினாள். பெயர் பாபநாசம். அறுபதைத் தாண்டியவர்.

"அண்ணாச்சி, இந்தச் சரிவு யாரு வெட்டுனது?"

"அறுப்பு மெஷினுக்கு வெட்டுனது தாயி. பிசான நெல்லு அறுப்பு சமயம், பங்குனியில, தண்ணிய அடைச்சிருவாவ. மெஷினு, டிராக்டரு எல்லாம் இதுக்குள்ள எறங்கித்தான் ஏறும். ஆனியில தண்ணி தொறந்தா இது வாய்க்கா. பச்சப்புள்ளைக்குத் தெரியும். அந்தக் கூறுகெட்ட டிரைவருக்குத் தெரியல."

"அவரு கடக்கரைக்காரரு."

"கடலுலயும் தண்ணிதான கெடக்கு?"

"அது பங்குனியில அடைக்கிற தண்ணி இல்லல்லா அண்ணாச்சி," என்றான் சங்கிலி.

செல்வி கேட்டாள். "மெஷின், டிராக்டர் சரி. வேற வண்டி ஏதாவது இது வழியா போயிருக்கா? காரு, வேனு?"

பாபநாசம் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"நான் பாக்கல," என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினார்.

"யக்கா, கேள்வி லேசு. அவரு தோள் மாத்துனதுதான் கனமா இருக்கு," என்றான் சங்கிலி.

* * *

வண்ணார்பேட்டையில் 'நேர்வழி' கம்பெனியின் அலுவலகம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. தென்மாவட்டங்களில் ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்டும் ஒப்பந்தத்துக்கு இரண்டு கம்பெனிகள் மோதின. நேர்வழி ஒன்று, 'எண்திசை' மற்றொன்று. ஆம்புலன்ஸ் யார் கையில் வருகிறதோ, நாளைக்குப் பஸ்ஸும் லாரியும் அவர்கள் கையில்தான். நேர்வழி ஜெயித்தது. அதன் வட்டார மேலாளர் தாணுமாலையன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். ரோடு இங்க முடியுது. அதுக்கப்புறம் வாய்க்கால். பாதை எங்க இருக்கு?"

"இன்னைக்கு இல்ல. அன்னைக்கு இருந்துச்சா?"

"என்னைக்கும் கிடையாது. எங்க சர்வரே சாட்சி."

"உங்க கம்ப்யூட்டர், உங்க சாட்சி."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க." அவர் சிரித்தார். "அந்தக் குடும்பத்தை நினைச்சா எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு டிரைவர் கண்ணைத் திறந்து ஓட்டணும்ல?"

சங்கிலி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி அலமாரியில் பித்தளையில் செய்த ஆம்புலன்ஸ் ஒன்று, கீழே பொறித்த எழுத்து.

"இது என்ன சார், கொலுவுக்கு வச்ச பொம்மையா?"

தாணுமாலையனின் முகம் மலர்ந்தது. "ஒப்பந்தத்துக்கு முன்னாடி ஒரு பரிசோதனை ஓட்டம் வச்சாங்க. ரெண்டு கம்பெனியும் ஒரே கிராமத்துலருந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு. நாங்க வந்து சேர்ந்த நேரம் அதுல போட்டிருக்கு. எண்திசைக்காரங்க வந்தப்ப நாங்க டீ குடிச்சுட்டோம்."

"எந்தக் கிராமம் சார்?" என்றாள் செல்வி.

"முக்கூடல் பக்கம்தான்." சொல்லி முடித்ததும் அவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள். "எவ்வளவு போட்டிருக்கு?"

"பத்தொன்பது நிமிஷம். இசக்கியம்மா ஊரு பேருதான் போட்டிருக்கு. யக்கா, நான் டிக்கெட் கிழிச்ச ரூட்டு அது. அங்கனயிருந்து பாலம் சுத்தாம ஆஸ்பத்திரி கெடையாது. நான் வேலை பாத்த டிரைவரு தண்ணியப் போட்டுட்டு ஓட்டுனாக்கூட அரைமணிக்குக் குறைஞ்சு வந்ததில்ல. இவரு வண்டிக்கு என்ன, றெக்கை மொளைச்சுதா?"

"றெக்கை இல்ல. ஓட்டம் எந்த மாசம்?"

சங்கிலி அப்போதே எண்திசையின் மேலாளருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பெயர் ஜோஷுவா, இளவட்டம், பணிவான குரல். ஓட்டம் பங்குனியில் நடந்தது என்றார். தங்களுக்கு அரைமணிக்கு மேல் ஆனது என்றும் ஒப்புக்கொண்டார்.

"அவங்க எந்த வழியா போனாங்கன்னு தெரியுமா சார்?" என்றாள் செல்வி.

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? நாங்க எங்க வழியில போனோம். நீங்க இப்ப எங்க விசாரிக்கிறீங்க?"

"முக்கூடலுக்குத்தான் திரும்பிப் போறோம்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

"யக்கா, அப்ப வாய்க்கா காய்ஞ்சு கெடந்த மாசத்துல அதுக்குள்ள வண்டிய விட்டு ஜெயிச்சிருக்கான். ஜெயிச்ச வழிய மேப்புல ரோடுன்னு போட்டு வச்சிருக்கான். தண்ணி வந்தப்ப ரோட்ட எடுக்கல."

"ஆள் செத்த பிறகு எடுத்துட்டான். கணக்கு சரிதான். ஆனா நம்ம வாய்ச்சொல்லை நீதிபதி கேக்க மாட்டாரு. அந்தப் பாதை மேப்புல இருந்துச்சுன்னு காட்ட என்ன இருக்கு? ஆம்புலன்ஸ் வழிகாட்டி வேற யாரு போன்லயும் கிடையாது."

சங்கிலி ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றான்.

"ஜெயிச்சவன் சும்மா இருப்பானா? ப்ளெக்ஸ் அடிக்காம நம்ம ஊருல எவன் ஜெயிச்சிருக்கான்?"

* * *

முக்கூடல் பஜாரில் ப்ளெக்ஸ் அடிக்கும் கடையின் முதலாளி ஹெப்ரான் கையை விரித்தார்.

"அடிச்சது நாந்தான். அந்தக் கிராமத்துக்குன்னு மூணு பேனரு. விபத்து நடந்த அன்னைக்கே கம்பெனி ஆளுங்க வந்து, கட்டியிருந்ததை அவுத்துட்டுப் போயிட்டாவ. எங்கிட்ட இருந்த படத்தையும் அழிக்கச் சொல்லி, அழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாவ."

"மூணையும் அவுத்துட்டாங்களா?"

"ரெண்டுதான் கெடைச்சுதாம். ஒண்ணு அதுக்கு முன்னாடியே காத்துல பிச்சுக்கிட்டுப் போயிட்டு. ஆனிக் காத்துல்லா. வாய்க்கால்ல போயிருக்கும்னு விட்டுட்டாவ."

கடையை விட்டு இறங்கும்போது சங்கிலியின் கண் மின்னியது.

"வெளியூர்க்கார மூளை. ப்ளெக்ஸுக்குச் சாவு உண்டாக்கா? காதுகுத்துக்கு அடிச்சது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. கல்யாணத்துக்கு அடிச்சது குளியலறைக்கு மறைப்பு. எங்க தெருவுல ஒரு அரசியல்வாதி மூணு வருசமா கோழிய அடைகாக்காரு. கீழ விழுந்த ப்ளெக்ஸ வாய்க்கால்ல போக விட்டவன் இந்த ஜில்லாவுல கெடையாது."

அவர்கள் கூரைகளைப் பார்த்துக்கொண்டே கிராமத்துக்குள் போனார்கள். ஆட்டுக்கொட்டகை மேல் பூப்புனித நீராட்டு விழா. விறகுக் குவியலின் மேல் கண்ணீர் அஞ்சலி. மாட்டுத் தொழுவத்தின் பக்கவாட்டில் ஒரு கோயில் கொடை, நன்கொடையாளர்களின் முகங்களோடு. தேடியது மட்டும் இல்லை.

கிராமத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் படப்பு. மேலே ப்ளெக்ஸ், வெள்ளைப் பின்பக்கம் தெரியும்படி குப்புற மூடி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

"யக்கா, எல்லாரும் படத்தை மேல வச்சுத்தான மூடுவான்? இவரு ஏன் கவுத்துப் போட்டிருக்காரு?"

செல்வி ஓர் ஓரத்தைப் பைய உயர்த்தினாள். பித்தளையில் பார்த்த அதே ஆம்புலன்ஸ், இங்கே வண்ணத்தில்.

"அதைத் தொடாதிய," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாபநாசம்.

"வைக்கோலு நனைஞ்சிரும்."

"ஒரு தார்ப்பாய் வாங்கித் தாரேன் அண்ணாச்சி," என்றாள் செல்வி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "இசக்கியம்மா யாரு வயல்ல நாத்து நட்டாங்க?"

அவர் ப்ளெக்ஸின் ஓரத்தை இழுத்து மூடினார்.

"உங்க வயல்லதானே?"

"என் வயல்லயும்தான்," என்றார் பாபநாசம். பிறகு அவரே குனிந்து கற்களை அவிழ்த்தார். சங்கிலி மறுபக்கம் பிடிக்க, ப்ளெக்ஸைத் திருப்பித் தரையில் விரித்தார்கள்.

'வழியைச் சுருக்கினோம், உயிரைக் காப்போம்' என்று மேலே கொட்டை எழுத்து. இடது பக்கம் நேர்வழியின் வரைபடம். கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நீலக்கோடு, பாலத்தைச் சீண்டாமல், வாய்க்காலை நேராக வெட்டிக்கொண்டு போனது. வலது பக்கம் புகைப்படம். காய்ந்த மண்ணில் ஆம்புலன்ஸ் இறங்குகிறது. முன்னால் தாணுமாலையன் பச்சைக்கொடி அசைக்கிறார். அவருக்குப் பின்னால் துருப்பிடித்த மடைக்கதவு. காலையில் செல்வி பார்த்தபோது அதே கதவு பாதி தண்ணீருக்குள் நின்றது.

"கொடி அசைச்சவன் நின்ன இடத்துலதான் வண்டி முங்கியிருக்கு," என்றான் சங்கிலி. அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஆனா யக்கா, அது வாய்க்கான்னே எனக்குத் தெரியாது, மண்பாதைன்னு நெனச்சேன்னு சொல்லுவான்."

"சொல்ல முடியாது," என்றார் பாபநாசம். "அன்னைக்கு வண்டி எறங்குறதுக்குக் குழியில மண்ணு போட்டு நெரவுனது நாங்க நாலு பேரு. கூலி குடுத்தாரு. வாங்குனேன். ஆனா நான் சொன்னேன் தாயி. சார், ஆனி பொறந்தா இதுல ஆளு முங்கத் தண்ணி வரும்னு சொன்னேன். 'அதுக்குள்ள கையெழுத்து ஆயிரும் அண்ணாச்சி, பொறவு எடுத்துக்கலாம்'னாரு. பொறவு எடுப்பாருன்னு நானும் இருந்துட்டேன். ரோடுன்னு ஒண்ணப் போட்டா அதுக்குத் தண்ணி வந்த சேதியச் சொல்லணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"காலையில ஏன் மறைச்சீங்க?"

"நெரவுன கை இதுல்லா."

செல்வி அவரை ஒரு கணம் பார்த்தாள். திட்டுவதற்கு வார்த்தை இருந்தது. அதை வேறொருவருக்காக வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கோர்ட்டுல இதைச் சொல்வீங்களா?"

"வாரேன்," என்றார் அவர்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் வந்து தெருமுனையில் நின்றது.

* * *

காரிலிருந்து இறங்கியவர் தம்மை ஜோஷுவா என்று அறிமுகம் செய்துகொண்டார். எண்திசையின் மேலாளர். தரையில் விரித்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பசி தெரிந்தது.

"மேடம், இதை எங்களுக்குக் கொடுத்துடுங்க. உங்க செலவு, டிரைவர் குடும்பத்துச் செலவு எல்லாம் எங்க பொறுப்பு."

"எதுக்கு உங்களுக்கு?"

"ஒப்பந்தத்தை ரத்து பண்ணச் சொல்லி நாங்க மனு போடப்போறோம். இது ஒண்ணு போதும், நேர்வழி இந்த ஊரை விட்டே ஓடணும்."

"ஹென்றி?"

"அவரும் அதுல வெளிய வந்துடுவார். மனு விசாரணைக்கு வர கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும் உள்ள இருக்கணும்."

ஜோஷுவா தோளைக் குலுக்கினார். செல்வி ப்ளெக்ஸைச் சுற்றுவதற்குக் குனிந்தவள், நிறுத்திவிட்டு யோசிப்பது போல நிமிர்ந்தாள்.

"இந்த ஒத்த ப்ளெக்ஸை வச்சு நீங்க என்ன செய்யப்போறீங்க? அவங்க இதைப் பொய்ப்படம்னு சொல்லிட்டா? ஒட்டி அடிச்சதுன்னு சொல்லிட்டா?"

"சொல்ல முடியாது. எங்ககிட்ட வீடியோ இருக்கு."

சங்கிலி ப்ளெக்ஸைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"என்ன வீடியோ?" என்றாள் செல்வி. குரல் இப்போது கிட்டத்தட்டக் காதில் விழாத அளவுக்கு இறங்கியிருந்தது.

"பரிசோதனை ஓட்டத்து அன்னைக்கு அவங்க வண்டி பின்னால எங்க ஆள் ஒருத்தரை பைக்ல அனுப்பினோம். வாய்க்காலுக்குள்ள இறங்கி ஏறுற வரைக்கும் முழுசா எடுத்திருக்காரு."

"இருந்தாலும் நான் பாக்கணும். ப்ளெக்ஸ்ல இருக்கிற இடமும் அதுல இருக்கிற இடமும் ஒண்ணுதானான்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பேசலாம். எனக்கு அனுப்புங்க."

அவர் அனுப்பினார். செல்வி பார்த்தாள். மடைக்கதவு, ஆம்புலன்ஸ், கொடி, எல்லாம் இருந்தது. எடுத்தவனின் குரலும் இருந்தது. 'சார், வாய்க்காலுக்குள்ள இறங்குறாங்க, நம்மளும் இறங்கவா?' என்று யாரிடமோ போனில் கேட்கிறான்.

"பங்குனியிலேயே இது உங்க கையில இருந்திருக்கு. அன்னைக்கே கொண்டுபோய்க் காட்டியிருந்தா உங்களுக்குத்தானே ஒப்பந்தம்?"

"இல்லை மேடம். வண்டி பத்திரமா போயிடுச்சே. வழி இருக்குன்னுதான் சொல்லியிருப்பாங்க. மிஞ்சிப்போனா, அதை எடுத்துட்டு வேற வழி போடுங்கன்னு அவங்களுக்கே இன்னொரு வாய்ப்பு கொடுத்திருப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனியில தண்ணி வரும்னு தெரியும். ஒரு வண்டி சகதியில மாட்டும், பேப்பர்ல வரும், அவங்க பேரு கெடும்னு காத்துக்கிட்டு இருந்தோம். உயிர் போகும்னு யாரு கண்டா?"

பாபநாசம் மண்வெட்டியை எடுத்துத் தரையில் ஊன்றினார். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் சங்கிலி நின்றதை செல்வி அன்றுதான் பார்த்தாள்.

அவள் போனில் இரண்டு முறை தட்டினாள்.

"என்ன பண்றீங்க?"

"ஹென்றியோட வக்கீலுக்கு அனுப்பிட்டேன். இன்ஸ்பெக்டருக்கும்."

"மேடம், விலை பேசிட்டு இருக்கோம்ல?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க. நான் சாட்சி சேத்துக்கிட்டு இருந்தேன். நேர்வழிக்காரன் வாய்க்காலை ரோடுன்னு போட்டான். அதுக்கு இந்த ப்ளெக்ஸ் போதும். அது ரோடு இல்லன்னு தெரிஞ்சும் தண்ணிக்காக நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு ஒரு ஆதாரமும் இல்லாம இருந்துச்சு. இப்ப நீங்களே உங்க நம்பர்லருந்து அனுப்பிட்டீங்க."

"அது அவங்களைப் பிடிக்க அனுப்பினது."

"ரெண்டு பேரும் அதுக்குள்ளதான் இருக்கீங்க. ஒருத்தன் கொடியோட நிக்கான். ஒருத்தன் கேமராவோட நிக்கான். பாம்பு கடிச்சவ ஒருத்தி வருவான்னு நெனச்சவன் ஒருத்தனும் அதுல இல்ல."

ஜோஷுவா சுற்றிப் பார்த்தார். பாபநாசம் வழியை விட்டு விலகவில்லை. ஜோஷுவா ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் காருக்குப் போக வேண்டியிருந்தது.

"சார்," என்றான் சங்கிலி. வாய் திரும்பிவிட்டது. "திரும்பிப் போகையில உங்க கம்பெனி மேப்பப் போட்டுக்கோங்க. போலீஸ் ஸ்டேசன் அதுல இருக்கும்லா?"

கார் போனது. பாபநாசம் மண்வெட்டியால் படப்பின் மேல் வைக்கோலைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, வக்கீலைப் பார்க்கச் சட்டை மாற்ற வீட்டுக்குள் போனார். செல்வி அஞ்சலினுக்கு போன் செய்தாள். கிடைத்ததை வரிசையாகச் சொன்னாள்.

"நாளைக்கு விட்டுருவாங்களாக்கா?"

"வக்கீல் விட்டுருவாங்கன்னுதான் சொல்லுதாரு."

"இன்னைக்கு ஜெயில்ல மனு போட்டு அவரப் பாக்கப் போயிருந்தேன். வெளிய வந்ததும் வீட்டுக்கு வேண்டாம், மொதல்ல அந்த அம்மா வீட்டுக்குப் போகணும்ங்காரு. அவுக ஏசுனாலும் கேட்டுட்டு வரணுமாம். எனக்கு அந்த ஊருக்கு வழி தெரியாது." அஞ்சலின் தயங்கினாள். "போன்ல வழி போட்டுப் பாக்கப் பயமா இருக்குக்கா. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

செல்வி வாய்க்கால் இருந்த பக்கம் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போறேன். பாலம் சுத்தித்தான் போகணும். நேரமாகும்."

"ஆகட்டும்க்கா," என்றாள் அஞ்சலின்.